புழல் வகுப்பு பற்றி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தது. பேத்தி பிறந்த சேதியில் வீடே சந்தோஷப்பட்டது. பெயர் வைத்ததும் எழுது.

புழல் சிறையில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறாய் என்று கேட்டிருந்தாய். யோசிக்கவும் பேசவும்தான். புத்திமதி சொல்ல நான் போகவில்லை. வருகிறவர்களில் பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள். நாடு முழுக்கவே சிறையில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் தீர்ப்பு வராதவர்கள்.

வழக்கைப் பற்றி நான் கேட்பதில்லை, அது வக்கீல் பாடு. அன்றாடத் தகராறுகளைத்தான் எடுத்துக்கொள்வோம். தண்ணீர் பிடிக்கிற இடத்துச் சண்டையைப் பற்றி ஒரு பையன், "அவன் என்னைக் கேவலப்படுத்தினான்" என்று ஆரம்பித்தான். என்ன சொன்னான் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒண்ணும் சொல்லலை சார், பார்த்தான்" என்றான். பலகையில் நடுவே கோடு போட்டு, கண்ணால் கண்டதை ஒரு பக்கமும் மனசு சேர்த்துக்கொண்டதை மறுபக்கமும் எழுதச் சொன்னேன். அப்புறம் அதே சம்பவத்தை எதிராளியாக நின்று சொல்ல வேண்டும். இதில்தான் ரொம்பத் திணறுகிறார்கள். சிலர் கோபித்துக்கொண்டு எழுந்தே போய்விடுகிறார்கள். அடுத்த வகுப்புக்கு வந்து உட்காருகிறார்கள்.

பேச்சும் அவ்வளவு முக்கியம். சாட்சி விசாரணை முடிந்ததும் நீதிபதி குற்றம் சாட்டப்பட்டவரையே நேரடியாகக் கேட்கிறார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 313ஆவது பிரிவு, அதற்குப் பதிலாக வந்த புதுச் சட்டத்தில் 351. வாழ்க்கையையே தீர்மானிக்கக்கூடிய இடம் அது. கேள்வியே புரியாமல் "தெரியாது" என்று சொல்லிவிட்டு ஒருவர் திரும்பிவிடக் கூடாது. காவலில் இருக்கும் யாரும் இலவச வக்கீல் கேட்கலாம் என்று 1987ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. அந்த வக்கீலிடமும் நடந்ததை முன்பின் மாறாமல் சொல்லத் தெரிய வேண்டுமே!

2015இல் நியூயார்க் மாநிலச் சிறை ஒன்றில் படித்த கைதிகள் ஹார்வர்ட் மாணவர்களை விவாதத்தில் ஜெயித்தார்கள். இணையம் இல்லாமலே தயாரானார்கள். தாங்கள் ஒப்புக்கொள்ளாத கட்சிக்காகத்தான் அன்று வாதாடினார்கள். நாமும் அப்படி ஒரு பட்டிமன்றம் வைக்கலாம் என்றதும் எங்கள் ஆட்களுக்கு ஒரே உற்சாகம்.

அதற்குத்தான் உன் உதவி வேண்டும். பள்ளியில் நீ நடத்திய பட்டிமன்றத் தலைப்புகளை எழுதி அனுப்பு. இரண்டு பக்கமும் நிஜமாகவே நியாயம் இருக்கிற தலைப்புகளாகப் பார்த்து அனுப்பு. பொங்கலுக்கு முன்னால் கிடைத்தால் நல்லது.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

உன்,
பழைய பெஞ்சுத் தோழன்