பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதே

பாளையங்கோட்டை
புதன்கிழமை

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்தது. அண்ணன் இப்போது கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி ஏறுகிறார் என்று படித்ததும் மனசு லேசானது. முழங்கால் விஷயத்தில் மட்டும் அவசரப்பட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். இங்கே எல்லாரும் நலம். சின்னவன் வேலை மாறி ஓசூருக்குப் போய்விட்டான். தொலைபேசியில் கூப்பிட்டால் முதல் கேள்வி, "சுப்பு சாப்பிட்டானா?" என்று என் பூனையைப் பற்றித்தான். பெற்றவள் சாப்பிட்டாளா என்பது பேச்சு முடியும்போது நினைவு வந்தால் உண்டு.

பேத்தி உன்னிடம் விட்டுப்போன பூனை மிட்டாய், 700 ரூபாய் கொடுத்து வாங்கிய பொம்மையை மோந்துகூடப் பார்க்காமல், அது வந்த அட்டைப்பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது என்று கோபமாக எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பெட்டிக்குள் இருந்தால் முதுகுப் பக்கம் யாரும் வர முடியாது; ஆனால் வெளியே நடப்பதையெல்லாம் பார்க்கலாம். பூனைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் ஒரு பாதிக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி வைத்துப் பார்த்து, 2014-இல் அதை வெளியிட்டார்கள். பெட்டி கிடைத்த பூனைகள்தாம் முதலில் பதற்றம் தணிந்து புது இடத்துக்குப் பழகின. மிட்டாயும் ஊர் விட்டு ஊர் வந்தவள்தானே. அந்தப் பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதே. பக்கவாட்டில் பூனை நுழையும் அளவுக்கு ஒரு துளையும், கை நுழையும் அளவுக்கு வேறு இரண்டு துளைகளும் வெட்டிவிடு. பின்னையும் ஒட்டுநாடாவையும் மட்டும் மறக்காமல் பிய்த்து எறி.

நான் கடைப் பொம்மை வாங்குவதையே விட்டுவிட்டேன். சிக்கனம் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் சுப்புவைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தோன்றியது வேறு. பூனை பொம்மையைப் பார்ப்பதில்லை, அசைவைத்தான் பார்க்கிறது. நிறமெல்லாம் நமக்காகத்தான், சிவப்பு அதன் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதே இல்லை. முகத்துக்கு மிக அருகில், ஒரு சாணுக்குள் இருக்கும் பொருளும் தெளிவாகத் தெரியாது. அங்கே மீசைதான் வேலை செய்கிறது. ஆனால் அறையின் அந்தக் கோடியில் ஒரு சருகு அசைந்தால் போதும், தலை திரும்பிவிடும். நீ மூக்குக்கு நேரே பொம்மையை நீட்டி ஆட்டினால் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் செய்யும். எந்த எலி தானாகப் பூனையின் வாயருகே வந்து ஆடும்?

எனவே முதலில் ஈர்க்குச்சி ஒன்று செய். தென்னந்துடைப்பத்திலிருந்து நீளமான ஈர்க்கு மூன்றை உருவி, அடிப்பக்கம் துணியால் சுற்றிக் கைப்பிடியாக்கு. நுனியை வளைத்து, பழைய பருத்திச் சேலையிலிருந்து இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்த துணியை இறுக்கிக் கட்டு. நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கண்ணில் குத்தும். துணியின் முனையில் காய்ந்த பனையோலைத் துண்டு ஒன்றைச் செருகினால் சரசரவென்று சத்தம் வரும். நம் காதுக்கு எட்டாத கீச்சுக் குரலைக்கூடக் கேட்கும் காதுக்கு அந்தச் சரசரப்பு சும்மா இருக்க விடாது. இனி அதைத் தரையோடு தரையாக, பூனையிடமிருந்து விலகிப் போகும்படி இழு. கதவு மறைவுக்குக் கொண்டுபோய் நிறுத்து. மறுபடி நுனி மட்டும் தெரியும்படி லேசாக அசை. மிட்டாயின் கண்மணி விரிந்து கண் முழுக்கக் கறுப்பாகும். உடம்பு தரையோடு ஒட்டும். பின்பக்கம் மட்டும் இப்படியும் அப்படியும் ஆடும். அப்போது பொறுமையாக இரு. பாய வேண்டியது அவள், நீ அல்ல. பாய்ந்து பிடித்துவிட்டால் பிடுங்காதே, பிடித்த சந்தோஷம் அவளுக்கு வேண்டும். கடைசியில் ஒரு வாய் சாப்பாடு வைத்து ஆட்டத்தை முடி. வேட்டை, பிடி, தின்பது, தூக்கம் என்பதுதான் அவள் ஒழுங்கு. சிவப்பு ஒளிப்புள்ளி அடிக்கும் விளக்கு எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் அதுதான். எவ்வளவு ஓடினாலும் பிடிக்க ஒன்றும் இல்லாத வேட்டை அது.

கையை மட்டும் பொம்மையாக்காதே. குட்டியாக இருக்கும்போது கடிப்பது வேடிக்கையாகத்தான் இருக்கும். வளர்ந்த பிறகு அண்ணனின் கணுக்கால் தாங்காது.

இரண்டே நாளில் சலித்துவிடுகிறாளே என்று நீ அடுத்த கடிதத்தில் கேட்பாய், அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஜான் பிராட்ஷாவும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் பூனையின் ஆர்வம் சரசரவென்று இறங்குகிறது. ஆனால் உடனே கொஞ்சம் மாறுபட்ட பொம்மையைக் கொடுத்தால் முதல் தடவையைவிட மும்முரமாக விளையாடுகிறது. பசித்த பூனை இன்னும் தீவிரமாக விளையாடும் என்பதும் அவர்கள் முன்பே கண்டதுதான். எத்தனை அடித்தாலும் சாகாத இரையை யார்தான் மெனக்கெட்டுத் துரத்துவார்கள்? அதனால் நான் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு மூடிவைத்து, ஒவ்வொன்றாக எடுக்கிறேன். நேற்றைய துணி நுனிக்குப் பதில் இன்று செய்தித்தாள் பந்து. மாற்றத்துக்குக் காசு வேண்டாம், நம் வீட்டுக் குப்பையே போதும்.

பழைய காலுறைக்குள் துணிக் கந்தலை அடைத்துத் தைத்துக் கொடுத்தால் பின்னங்காலால் உதைக்க நல்ல பொம்மை. காலுறையைப் பீரோவின் அடியிலிருந்து எடுப்பதாக இருந்தால் நன்றாகத் துவைத்து வெயிலில் போடு. அந்துருண்டை பூனைக்கு விஷம். அடைக்கும்போது நடுவில் குப்பைமேனி வேர் கொஞ்சம் வைத்துப் பார். அதன் வேர் வாசனைக்குப் பூனைகள் மயங்குவதால் பூனைவணங்கி என்றும் சொல்வார்கள் அல்லவா. எல்லாப் பூனைக்கும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. சுப்பு முகத்தைத் தேய்த்துப் புரண்டு, வாயில் எச்சில் ஒழுகக் கிடப்பான். தின்னக் கொடுக்காதே, வேர் துணிக்குள்ளேயே இருக்கட்டும். கொஞ்ச நேரத்தில் எடுத்து வைத்துவிடு. சாக்கடையோரத்துச் செடி வேண்டாம்.

மளிகைக் கடையில் கேட்டால் முட்டை அட்டை சும்மா தருவார்கள். கறையில்லாத அட்டையாகப் பார்த்து வாங்கி, அதன் குழிகளில் வேகவைத்த கோழியை நார்நாராகப் பிய்த்துப் போட்டு, சில குழிகளைக் காகித உருண்டையால் மூடு. கையால் நோண்டி எடுத்துத் தின்னும். உலர் உணவு கொடுப்பதானால் தண்ணீர் பாட்டில் நல்லது: பக்கத்தில் இரண்டு மூன்று துளை போட்டு, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, மூடியையும் கழுத்தில் இருக்கும் வளையத்தையும் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே கொஞ்சம் போட்டால் உருட்டி உருட்டித் தின்னும். அவள் சோம்பினால் திட்டாதே. கலிபோர்னியாவில் வீட்டுப் பூனைகளுக்குத் தட்டுச் சாப்பாட்டையும் இப்படி உழைத்து எடுக்கும் சாப்பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவை தட்டைத்தான் தேர்ந்தெடுத்தன. 2021-இல் வந்த செய்தி. நம் வீட்டு ஆண்களை நினைத்துக்கொண்டேன்.

அணில் பிடித்து வருகிறாள் என்று எழுதியதற்கும் ஒரு வார்த்தை. அதே ஆண்டு எக்ஸிடர் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் 5 முதல் 10 நிமிடம் மனிதர் கூட விளையாடிய பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 25 சதவீதம் குறைந்தது. தானியம் சேராத, இறைச்சி மிகுந்த உணவு கொடுத்ததில் 36 சதவீதம் குறைந்தது. பாட்டில் போன்ற புதிர்த் தட்டுக் கொடுத்த வீடுகளில் மட்டும் 33 சதவீதம் கூடியது. எனவே பாட்டிலை உருட்டிவிட்டு நீ தொலைக்காட்சி முன் உட்கார்ந்தால் அணிலுக்கு நன்மை இல்லை. ஈர்க்குச்சியை நீயே பிடிக்க வேண்டும். அண்ணனும் பிடிக்கலாம், அதற்கு முழங்கால் தேவையில்லை.

ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பானவள். நூல், உல்லன், ரப்பர் பேண்ட், ஜிகினா, பூக்கட்டும் நார் எதையும் பூனையிடம் தனியாக விடாதே. நூல்கண்டோடு விளையாடும் பூனைப் படம் எங்கும் பார்க்கிறோம், அதைப்போல ஆபத்தான படம் வேறில்லை. பூனை நாக்கில் முட்கள் உள்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. நூல் நுனி வாய்க்குள் போனால் துப்பத் தெரியாது, விழுங்கிக்கொண்டே போகும். ஒரு முனை நாக்கின் அடியில் சிக்கி, மறுமுனை குடலுக்குள் போனால், பாவாடை நாடாவை இழுத்ததும் துணி சுருங்குகிறதே, அப்படிக் குடல் சுருங்கி அறுபடும். எங்கள் தெருவில் தையல் வீட்டுப் பூனைக்கு இது நடந்தது. வாந்தியும் சோறு மறுத்தலும்தான் முதல் அறிகுறி. வாயிலோ மறுபக்கத்திலோ நூல் தெரிந்தால் இழுத்துவிடாதே, அப்படியே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடு. அந்தப் பூனைக்கு வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டது. ஈர்க்குச்சியையும் ஆட்டம் முடிந்ததும் அலமாரிக்குள் வைத்துவிடு. துணியில் இழை பிரிந்தால் புதிது கட்டு.

காகிதப் பை கொடுப்பதானால் கைப்பிடியை வெட்டிவிடு, கழுத்தில் மாட்டும். நெகிழிப் பை வேண்டவே வேண்டாம்.

தீபாவளிக்கு முந்தின வாரம் மதுரைக்கு வருகிறேன், வழியில் உன்னிடம் இரண்டு நாள் தங்கலாமா? சுப்புவைப் பார்த்துக்கொள்ள அண்டை வீட்டில் சொல்லிவிட்டேன். நீ போன தடவை செய்த எள்ளுத் துவையலின் பக்குவத்தையும் எழுது, எனக்கு ஒவ்வொரு முறையும் கசந்துபோகிறது. தபாலில் எனக்கு எதுவும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அனுப்புவதாக இருந்தால், பெரிய பெட்டியில் வைத்து அனுப்பு.

உன்,
மீனாட்சி