காய்ச்சலுக்கான கொயினா (குவினைன்) மருந்து தடையின்றிக் கிடைக்கச் செய்யும்படி கோரும் மனு

மகாகனம் பொருந்திய ஜில்லா கலெக்டர் துரையவர்கள் சமுகத்திற்கு,

தென்கிழக்கு வயநாட்டில், நடுவட்டம் மலைப்பாதை இறங்கி முடியும் கூடலூர்க் கடைத்தெரு வியாபாரிகளும் வண்டிக்காரர்களும் குடிகளும் ஒன்றுகூடி மிகுந்த வணக்கத்துடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

பிலவங்க வருஷம் பங்குனி மாதம் (1908 மார்ச்சு)

1. இவ்விடம் தாங்கள் சர்க்கீட்டு வரும்போது தங்கிப் போகிற இடமாகையால் இதைப் பற்றி விஸ்தரிக்க வேண்டியதில்லை. மைசூர் ரோடும் கோழிக்கோட்டு ரோடும் உதகமண்டலத்து ரோடும் கூடுகிற முக்கில், காப்பித் தோட்டங்களை நம்பி எங்கள் தகப்பன்மார் வந்து கடை போட்டார்கள். காப்பிச் செடியை இலை நோயும் துளைப்புழுவும் தின்றன. பிறகு தேவாலாவிலும் பந்தலூரிலும் தங்கம் கிடக்கிறதென்று சொல்லி லண்டனில் கம்பெனிகள் எழும்பின. இரண்டு மூன்று வருஷத்தில் அவையும் அடங்கின. மிஞ்சிய காப்பியின் விலையையும் பிரேசில் சரக்கு கீழே தள்ளிற்று. இவ்வளவுக்கும் தாக்குப்பிடித்த இந்த ஊர் ஒன்றுக்கு மட்டும் தாக்குப்பிடிக்க முடியாமல் இருக்கிறது. அது முறைக்காய்ச்சல் என்னும் மலேரியாச் சுரம். அதைப் பற்றி முன்பும் மனு எழுதினோம். பதில் வரவில்லை.

2. எங்கள் வியாபாரம் நடக்கிற விதம் தாங்கள் அறிந்ததே. ராகியும் அரிசியும் மைசூர்ச் சீமையிலிருந்து வண்டியில் வருகின்றன. உப்பும் கருவாடும் தேங்காயெண்ணெயும் கோழிக்கோட்டிலிருந்து ஏறுகின்றன. இவற்றைத் தோட்டத்துக் கூலிகளுக்கு மேஸ்திரியின் சொல்லை நம்பிக் கடனாகக் கொடுத்துச் சம்பள நாளில் வசூலிக்கிறோம். கூலிக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைய வேலைக் கணக்கில் பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாதவனிடம் கடனைக் கேட்க எங்களுக்கும் மனம் வருவதில்லை. மாசி கழிந்ததும் மைசூர்க் கூலிகள் காய்ச்சலுக்குப் பயந்து கூட்டங்கூட்டமாக ஊர் திரும்புகிறார்கள். வண்டிக்காரர்களும் வாடகையை ஏற்றிக் கேட்கிறார்கள், அல்லது மலையடிவாரத்தில் ராத்தங்க மாட்டோம் என்கிறார்கள். நஷ்டத்தைச் சொல்லி இந்த மனுவை எழுதவில்லை. நஷ்டம் எங்களோடு போகட்டும். எழுத நேர்ந்த காரணம் அடுத்த பாராவில் இருக்கிறது.

3. கொயினா கிடைப்பதில்லை. ஏழைகளுக்காகத் தபாலாபீசில் காலணாப் பொட்டலமாகக் கொயினா விற்கும்படி கவர்ன்மெண்டார் செய்த ஏற்பாடு புண்ணியமான ஏற்பாடு என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பொட்டலங்கள் வந்து இறங்கிய சில நாளுக்குள் தீர்ந்துவிடுகின்றன. சந்தை நாளில் வருகிற தோட்டத்து ரைட்டர்மார் மொத்தமாக வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் தோட்டத்திலும் காய்ச்சல்தான். பிறகு வருகிறவனுக்குக் கிடைக்கிற பதில் "மருந்து கேட்டு இண்டெண்டு எழுதியிருக்கிறது" என்பதே. பனியர், குறும்பர் முதலிய காட்டுக்குடிகள் சந்தைக்கு வந்தால் தபாலாபீசுப் படியேறவே கூசி நிற்கிறார்கள். அவர்கள் துணிந்து ஏறும்போது பெட்டி காலி. ஆஸ்பத்திரியில் மருந்து உண்டு என்பதை மறுக்கவில்லை. நடந்து வரத் தெம்புள்ளவனுக்கு அது உண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் ஏறி, மத்தியான வெயிலிலே கம்பளியைப் போர்த்துக்கொண்டு எங்கள் கடைத் திண்ணையில் பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருக்கிறவன் எப்படி நடப்பான்? சேரங்கோட்டிலிருந்து ஒரு தாய் கைப்பிள்ளையோடு எத்தனை காதம் நடப்பாள்? பிள்ளைகளுக்கு வயிற்றின் இடப்பக்கம் கட்டி விழுந்து, கையும் காலும் குச்சியாய், வயிறு மாத்திரம் முன்னே வருகிறது. இந்தக் கடைத்தெருவில் அப்படிப் பிள்ளை இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

4. தபாலாபீசில் இல்லாத மருந்து தெருவில் இருக்கிறது. எங்கிருந்தோ வருகிற சில்லறை வியாபாரிகள் அதே மாதிரிப் பொட்டலம் கட்டி ஓரணாவுக்கும் அதற்கு மேலும் விற்கிறார்கள். அதில் ஒன்றைப் பிரித்து விரலில் தேய்த்துப் பார்த்தோம்: மாவைப் போல விரலோடு ஒட்டிற்று. நாக்கில் வைத்தால் முதலில் கொஞ்சம் கசப்பு, உடனே சப்பென்று போயிற்று. நிஜமான கொயினா என்றால் காலையில் தொட்டது ராத்திரிச் சோற்றிலும் கசக்கும். இந்த மாவை வாங்கித் தின்றவன் மருந்து தின்றும் காய்ச்சல் நிற்கவில்லை என்று கொயினாவையே வெறுத்துவிடுகிறான். அடுத்த முறை நல்ல மருந்தைக் கொடுத்தாலும் வாங்குவதில்லை. இதனால் கெடுவது கவர்ன்மெண்டாருடைய மருந்தின் பெயர் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

5. எங்கள் முந்தைய மனுவின் பேரில் விசாரணைக்கு வந்த ஒரு சிப்பந்தி, நாட்டு மருந்து சாப்பிடுங்களேன் என்று சொல்லிப் போனார். சாப்பிடாமல் இல்லை. நிலவேம்பைக் கஷாயம் வைத்துக் குடிக்கிறோம். வேப்பம்பட்டையோடு சுக்கு, மிளகு, திப்பிலி சேர்த்தும் கொடுக்கிறோம். சாதாரணச் சுரத்துக்கும் மழைக்காலத்துச் சளிக்கும் அவை கேட்கும். வைத்தியர்களை நாங்கள் இகழவில்லை. ஆனால் இந்த வயநாட்டுக் காய்ச்சல் அதற்கெல்லாம் நான்கு நாள் அடங்கி, ஐந்தாம் நாள் மீண்டும் வந்துவிடுகிறது. இந்தச் சுரத்தின் கிருமி கொசுவின் வயிற்றில் இருப்பதை ராஸ் துரையவர்கள் 1897-ல் சிக்கந்தராபாத்தில் கண்டுபிடித்ததாகவும், கொசுவினாலேயே இது மனிதனுக்கு மனிதன் பரவுகிறதென்றும் பத்திரிகையில் படித்தோம். எங்கள் பள்ளமெல்லாம் சேற்று வயல். கொசுவுக்கு இதைவிட நல்ல ஊர் இல்லை. தோட்டத்துத் துரைமார் வலைக்குள் படுக்கிறார்கள். கூலிகளின் பாடியில் படுக்கிறவனுக்கு ஒரே கம்பளி, அதுவும் மூவருக்கு ஒன்று.

6. இனிச் சொல்லப்போவது மரியாதைக் குறைவாகத் தோன்றினால் மன்னிக்க வேண்டும். எங்கள் கடைவாசலில் நின்று தலையை நிமிர்த்தினால் நடுவட்டம் மலை தெரிகிறது. அங்கேதான் கொயினா எடுக்கிற சிங்கோனா மரம் இருக்கிறது. 1860-ல் மார்க்கம் துரை தென் அமெரிக்காவிலிருந்து முயற்சி செய்து இதை இந்த மலைக்குக் கொண்டுவந்தார்; மக்கைவர் துரை தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தார்; சீனக் கைதிகளைக் கொண்டும் அங்கே வேலை வாங்கினார்கள். பட்டை உரித்த இடத்தைப் பாசியால் சுற்றிக் கட்டி, மறுபட்டை வளரச் செய்யும் வித்தையும் அந்தத் தோட்டத்தில் நடந்ததென்று பெரியவர்கள் சொல்லுவார்கள். மரத்தின் காயத்துக்குப் பாசி கட்டிய கவர்ன்மெண்டார் மரத்தின் கீழே கிடக்கிற மனிதனுக்கு ஒரு காலணாப் பொட்டலம் கொடுக்கக் கூடாதா? பட்டையை அரைத்து மருந்தாக்கும் பாக்டரியும் அங்கேயே இருக்கிறது. அந்த மருந்து எங்கள் தலைக்கு மேலே பிறந்து, இராஜதானி முழுதும் சுற்றிவிட்டு, மறுபடி எங்களிடம் வரும்போது தீர்ந்துபோயிருக்கிறது! விலை அதிகம் என்று சொல்லவும் இடமில்லை. ஜாவாத் தீவின் பட்டை வந்த பிறகு கொயினாவின் விலை விழுந்து, இங்கே சொந்தமாகக் கொயினா பயிரிட்ட துரைமார்கள் மரத்தைத் தறித்துப்போட்டதை இந்தக் கடைத்தெருவே பார்த்தது. சரக்கு உண்டு, விலை சகாயம், ரோடும் உண்டு, வண்டியும் நாங்களே தருகிறோம். பின்னே என்னதான் தடை? எங்களுக்கு விளங்கவில்லை.

7. ஆகையால் நாங்கள் வேண்டிக்கொள்வது: பங்குனி முதல் ஆனி மழை இறங்கும் வரை தபாலாபீசில் கொயினா ஒரு நாளும் இல்லாமல் போகாதபடி இருப்பு வைக்க வேண்டும். தோட்டங்களுக்கு வேண்டியதைத் தனிக் கணக்கில் நேராக அனுப்பிவிட்டால் காலணா கொண்டுவருகிற ஏழைக்குப் பெட்டியில் மிஞ்சும்.

8. நம்பலக்கோடு, முனநாடு, சேரங்கோடு அம்சங்களில் (கிராமப் பிரிவுகளில்) அதிகாரிமார் மூலமாகவும், நம்பிக்கையுள்ள கடைக்காரர் மூலமாகவும் சர்க்கார் முத்திரைப் பொட்டலத்தையே அதே காலணாவுக்கு விற்க உத்தரவு வேண்டும். இதில் எங்களுக்கு ஒரு தம்பிடி லாபமும் வேண்டாம். ஜாமீன் கட்டச் சொன்னால் கட்டுகிறோம். கணக்குப் புஸ்தகம் வைக்கச் சொன்னால் வைக்கிறோம். எந்த நாளிலும் வந்து சோதிக்கலாம்.

9. கொயினா வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை. ரோடு கேட்கவில்லை, வரித் தள்ளுபடி கேட்கவில்லை. காய்ச்சல் மாதம் பிறந்துவிட்டது. சென்ற வருஷத்தைப் போல மழை விழுந்தபின் மருந்து வந்து பயனில்லை.

இந்த மனுவின் மீது தாங்கள் இடுகிற உத்தரவு எதுவானாலும் எழுத்தில் எங்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். இல்லை என்பதே உத்தரவானால் அதையும் எழுத்திலேயே தரும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். அடுத்தபடி யாரிடம் போவது என்பதையாவது அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுவோம்.

இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிந்த ஊழியர்கள்,
கடைத்தெரு வியாபாரிகள், வண்டிக்காரர்கள், குடிகள்
(கையொப்பமும், எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டும்)