ஒரே பிராசசர், வேறு லிப்சி: கிராஸ் கம்பைல் செய்வோர் கவனத்துக்கு

நண்பர்களே, ஒரு மெஷினில் கம்பைல் செய்து வேறொன்றில் ஓட்டுவதுதான் கிராஸ் கம்பைல். கம்பைல் செய்யும் பில்டு மெஷின், புரோகிராம் ஓடவேண்டிய டார்கெட் இரண்டுமே 64 பிட் இன்டெல் லினக்ஸ், ஆனால் லிப்சி (சி மொழியின் அடிப்படை லைப்ரரி) பில்டு மெஷினில் ஜிலிப்சி, டார்கெட்டில் மசல் என்றால் கூடுதல் கவனம் தேவை. ஹோஸ்ட் ஆப்ஷனை (டார்கெட்டின் பெயரை) மட்டும் கொடுத்தால், பில்டுக்கு முன் சிஸ்டத்தைச் சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஒரு சின்ன புரோகிராமை கம்பைல் செய்து ஓட்டிப் பார்க்கும். அது இங்கேயே ஓடிவிட்டால் நேட்டிவ் பில்டு (இதே மெஷினுக்கானது) என்று முடிவு கட்டிவிடும். எனவே பில்டு, ஹோஸ்ட் இரண்டையும் கொடுங்கள், வெவ்வேறு பெயர்களாக. டார்கெட்டிலும் ஜிலிப்சிதான் என்றால் பெயரின் நடுவிலுள்ள வெண்டர் (தயாரிப்பாளர்) பகுதியை மாற்றினாலே போதும் (கம்பைலரின் முன்னொட்டும் அதோடு பொருந்த வேண்டும்). கான்ஃபிக் லாக் கோப்பில் கிராஸ் கம்பைலிங் 'யெஸ்' என்று இருக்கிறதா பாருங்கள்.

பலரும் சறுக்குவது, லைப்ரரிகள் எங்கே என்று சொல்லும் கருவியான பேக்கேஜ் கான்ஃபிக்கில். அதன் 'பாத்' மாறி தேடும் இடங்களைக் கூட்டுமே தவிர பழையவற்றை நீக்காது. பில்டு மெஷினின் லைப்ரரிகள் நுழைந்துவிடும். பிராசசர் ஒன்றே என்பதால் அவற்றை இணைக்கும் லிங்கரும் பெரும்பாலும் தடுக்காது. பழைய இடங்களுக்குப் பதிலாக வரும் 'லிப்டிர்' மாறியை சிஸ்ரூட்டுக்குள் (டார்கெட்டின் கோப்புகள் உள்ள ஃபோல்டர்) திருப்புங்கள், 'சிஸ்ரூட் டிர்' மாறியையும் சேர்த்து.

பழைய ஆட்டோகான்ஃப் கருவி உருவாக்கிய கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்களில் 'ஆர்பிஎல் மாலாக்' (மெமரி ஒதுக்கும் மாலாக்கின் மாற்று) கிடைக்கவில்லை என்று லிங்க் பிழை வரும். சோதனையை ஓட்ட முடியாமல், மாலாக் சரியில்லை என்று ஸ்கிரிப்ட் தவறாக ஊகித்ததுதான் காரணம். அந்தச் சோதனையின் முடிவைச் சேமிக்கும் கேஷ் மாறிக்கு 'யெஸ்' கொடுத்து மறுபடி கான்ஃபிகர் செய்யுங்கள்.

கடைசியாக, மசல் டார்கெட்டுக்கான டைனமிக் பைனரியை (ஓடும்போது லைப்ரரிகளை ஏற்றும் புரோகிராம்) ரீட்எல்ஃப் கருவியில் பார்த்தால் இன்டர்பிரெட்டர் வரியில் மசல் லோடர் இருக்க வேண்டும்.