ஊசிக்கு 1.8 கிராம்

அன்புள்ள கண்ணனுக்கு, அம்மா எழுதுவது.

ராஜி வியாழக்கிழமை கிளம்புகிறாள். அவள் கையோடு ஒரு சதுர அட்டைப்பெட்டி வரும். அதை லக்கேஜில் போடாதே என்று நாலு தடவை சொல்லியாயிற்று, ஐந்தாவது தடவை சொன்னால் கோபித்துக்கொள்வாள். உள்ளே ‘ஒடிஸி அண்ட் ஆரக்கிள்’, ஸோம்பீஸ் என்கிற இங்கிலாந்துக் குழுவின் ரெக்கார்டு. மாடி அறை அலமாரியில் மூன்றாவது தட்டில் இருந்ததே, அதேதான். லண்டனில் கிடைக்காததா என்பாய். கிடைக்கும். ஆனால் இது மோனோ, இடம் வலம் என்று பிரிக்காத ஒற்றைச் சேனல். அது ஏன் முக்கியம் என்று பின்னால் எழுதுகிறேன்.

பிரித்ததும் ரெக்கார்டு அட்டைக்கு வெளியே, உள் உறையோடு தனியாக இருக்கும். அப்பா மறந்துவிட்டார் என்று நினைக்காதே. அட்டைக்குள் வைத்து அனுப்பினால் வழியில் குலுங்கிக் குலுங்கி ரெக்கார்டின் விளிம்பே அட்டையின் ஓரத்தைக் கிழித்துவிடும். வந்த அன்றே போட்டுப் பார்க்காதே. ஒரு ராத்திரி செங்குத்தாக நிற்கட்டும். ஹீட்டர் பக்கத்தில் வைக்காதே. படுக்கப் போட்டு அடுக்காதே.

உன்னிடம் இப்போது என்ன பிளேயர் இருக்கிறதென்று தெரியவில்லை. என்னென்ன சாமான் இன்னும் உன்னிடம் இருக்கிறது, எது இல்லை என்பதே தெரியவில்லை. சித்தி ஏதோ சொன்னாள், நான் கேட்டுக்கொள்ளவில்லை. எதுவானாலும் சூட்கேஸ் மாதிரி மூடித் திறக்கிற அந்த மலிவுப் பிளேயரில் மட்டும் இதைப் போடாதே. அதில் ஊசி மாட்டியிருக்கிற தலை செராமிக் கார்ட்ரிட்ஜ். ஊசி ஐந்து, ஆறு கிராம் பாரத்தில் அழுத்தும். பள்ளத்தின் சுவர் தேய்ந்தால் தேய்ந்ததுதான், எதைப் போட்டுக் கழுவினாலும் திரும்பாது.

நல்ல பிளேயர் என்றால் முதலில் பின்பக்க எடையைத் திருகி, ஊசியைத் தாங்குகிற கை அந்தரத்தில் மட்டமாக மிதக்கும்படி நிறுத்து. அதுதான் பூஜ்யம். எண் போட்ட வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு எடையோடு சேர்த்துத் திருப்பி 1.8க்கு வை. கார்ட்ரிட்ஜோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அந்த எண். கை உள்பக்கம் இழுபடாமல் தடுக்கிற ஆன்டி-ஸ்கேட்டையும் அதே எண்ணில் வை. பாரம் குறைந்தால் ரெக்கார்டுக்கு நல்லது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தப்பு. குறைந்தால் ஊசி பள்ளத்துக்குள் துள்ளும், துள்ளுகிற ஊசிதான் சுவரை உடைக்கும். ஊசியைக் கையால் தூக்காதே, லீவரை வைத்துத் தூக்கு.

கழுவ மூன்று பங்கு காய்ச்சி வடித்த தண்ணீருக்கு ஒரு பங்கு ஐசோப்ரொபைல் ஆல்கஹால். மைக்ரோஃபைபர் துணியால் வட்டம் போகிற வழியிலேயே துடை, குறுக்கே இழுக்காதே. லேபிள் நனையக் கூடாது. பிறகு வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு தரம் துடைத்து, அரை மணி நேரம் நிறுத்திக் காயவிடு. தாத்தாவின் அரக்கு ரெக்கார்டுகளுக்கு மட்டும் ஆல்கஹால் ஆகவே ஆகாது, கரைந்துவிடும். அவை இங்கேதான் இருக்கின்றன, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

சத்தம் தூரத்தில் தகர டப்பாவுக்குள் கேட்பது போல வந்தால் போனோ ப்ரீ-ஆம்ப் இல்லாமல் மாட்டியிருக்கிறாய் என்று அர்த்தம். ரெக்கார்டில் வெட்டும்போதே பேஸை, அதாவது கீழ்ச் சுரங்களைக் குறைத்து, மேல் சுரங்களை ஏற்றித்தான் வெட்டுவார்கள், அதைத் திருப்பி நிமிர்த்த அந்தச் சின்னப் பெட்டி வேண்டும். இதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரிந்த அளவு இந்தக் குடும்பத்தில் யாருக்குத் தெரியும்? எட்டு வயதில் அந்தப் பழைய பிலிப்ஸின் பெல்ட்டைச் சமையலறை ரப்பர் வளையத்தை வைத்து ஓட்டினவன் நீ. இத்தனையும் தெரிந்தவன் ஒரு போன் பண்ணத் தெரியாமல் இருப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

சரி, மோனோ விஷயம். 1967 ஜூனில் ஸோம்பீஸ் அபே ரோடு ஸ்டூடியோவுக்குள் போகும்போது அவர்கள் கையில் சிபிஎஸ் ரெக்கார்டு கம்பெனி கொடுத்த ஆயிரம் பவுண்டு. அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு பாட்டையும் வெளியே ஒத்திகை பார்த்து, யார் எங்கே நிறுத்துவது என்பதுவரை முடிவு செய்துகொண்டுதான் உள்ளே போனார்கள். நான்கு டிராக் டேப். உள்ளே போய் யோசிக்கிற வசதி பீட்டில்ஸுக்குத்தான், இவர்களுக்கு இல்லை. நடுவில் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் சில பாட்டுகள், பிறகு திரும்ப அபே ரோடு, நவம்பரில் முடிந்தது. மோனோ மிக்ஸ் செய்து கொடுத்தால், கம்பெனி ஸ்டீரியோவும் வேண்டும் என்றது, பணம் தரவில்லை. குழுவில் கீபோர்டு வாசித்த ராட் ஆர்ஜென்ட்டும் பேஸ் கிடார் வாசித்த கிறிஸ் வைட்டும் பாட்டு எழுதிச் சம்பாதித்ததிலிருந்து 200 பவுண்டு போட்டு ஸ்டீரியோ மிக்ஸ் செய்தார்கள். அதிலும் ‘திஸ் வில் பி அவர் இயர்’ பாட்டின் பித்தளை வாத்தியங்கள் அந்த நான்கு டிராக் டேப்பிலேயே கிடையாது. மோனோ மிக்ஸ் ஓடும்போதே சேர்த்தது. பிரித்து வைக்க ஒன்றும் இல்லாததால், பழைய ஸ்டீரியோ ரெக்கார்டில் அந்த ஒரு பாட்டு மட்டும் மோனோவை உருட்டிப் புரட்டிச் செய்த போலி ஸ்டீரியோ. மோனோவில்தான் அது ஒழுங்காக இருக்கும்.

உன் ஆம்ப்ளிஃபயரில் மோனோ பட்டன் இருந்தால் அழுத்து. மோனோ ரெக்கார்டில் இசை பக்கவாட்டில் மட்டும்தான் வெட்டியிருக்கும். ஊசி மேலும் கீழும் ஆடுவதெல்லாம் தூசியும் கீறலும்தான். இரண்டு சேனலையும் சேர்த்துவிட்டால் அந்த மேல்-கீழ் ஆட்டம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், பொரிகிற சத்தம் பாதியாகும். இந்தப் பிரதியில் இரண்டாம் பக்கம் கொஞ்சம் பொரியும்.

சைகடெலிக், அதாவது கனவு மயக்க ராக், என்றதும் எல்லோரும் தேடுகிற நீளக் கிடார் அலறல் இதில் இல்லை, அதனாலேயே பலர் இதைத் தாண்டிப் போய்விட்டார்கள். 12 பாட்டு, 35 நிமிடம். கனவு முழுக்க மெலோட்ரான் என்கிற கீபோர்டிலும் குரல் அடுக்கிலும் இருக்கிறது. பீட்டில்ஸ் லெனன் விட்டுவிட்டுப் போன மெலோட்ரான் ஸ்டூடியோவில் கிடந்தது, இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு துண்டு டேப், அதில் யாரோ வாசித்த வயலினோ புல்லாங்குழலோ ஒரே சுரத்தில். கட்டையை அழுத்தினால் டேப் ஓடும். எட்டு விநாடி. அதற்குமேல் பிடித்தால் சத்தம் அறுந்துவிடும். விட்டதும் ஸ்பிரிங் டேப்பைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடும். அதனால் மெலோட்ரானில் நீளமாக நிற்க வேண்டிய இடத்தில் எட்டு விநாடிக்குள் விரலை மாற்றியே ஆகவேண்டும். ‘ஹங் அப் ஆன் எ ட்ரீம்’ கேட்கும்போது அந்த வயலின்களின் அடியில் லேசாக ஒரு நடுக்கம் இருக்கும், பார். டேப் ஒரே வேகத்தில் ஓடாததால் வருவது. சரிசெய்து கொடுத்திருந்தால் அழகு போயிருக்கும்.

‘எ ரோஸ் ஃபார் எமிலி’யில் பியானோவும் குரல்களும் மட்டும். ‘ப்ரீஃப் கேண்டில்ஸ்’ கேட்கும்போது சரணத்துக்குச் சரணம் குரல் மாறுவதைக் கவனி. ‘புட்சர்ஸ் டேல்’ முதல் உலகப்போர்ப் பாட்டு, கிறிஸ் வைட்டே பாடியது. கால்மிதி ஆர்கன், நம் ஆர்மோனியத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன். துருத்தி மூச்சு வாங்குவது வரை கேட்கும். இதைப் போய் அமெரிக்காவில் முதல் சிங்கிளாக வெளியிட்டார்கள், வியட்நாம் காலத்தில் எடுபடும் என்று. எடுபடவில்லை. ‘ஐ வான்ட் ஹெர், ஷி வான்ட்ஸ் மீ’ எனக்கு எப்போதும் சுமார்தான். அப்பாவுக்குப் பிடிக்கும்.

ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் ‘ஸ்’ எழுத்துகள் சீறினால் ரெக்கார்டைத் திட்டாதே. வெளி விளிம்பில் ஊசிக்கடியில் விநாடிக்கு 50 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் ஓடுகிற பள்ளம், உள்ளே லேபிள் பக்கம் 20 சொச்சத்துக்கு வந்துவிடும். அதே இசையைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதியிருக்கிறது. இந்த ரெக்கார்டில் இரண்டு பக்கத்திலும் ஆகச் சிறந்த பாட்டு அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது. ‘டைம் ஆஃப் தி சீஸன்’ ஆரம்பத்தில் பேஸ், ஒரு கைதட்டு, ஒரு மூச்சு. அந்த மூச்சு தெளிவாகக் கேட்டால் உன் கார்ட்ரிட்ஜ் நேராக உட்கார்ந்திருக்கிறது. இரைந்தால், அளவுத்தாளை வைத்து கோணத்தைச் சரிபார். மறுபடி சொல்கிறேன், லீவரை வைத்துத் தூக்கு.

அந்தப் பாட்டு அமெரிக்காவில் மூன்றாம் இடம் வரை ஏறியது 1969இல். ரெக்கார்டு இங்கிலாந்தில் வந்ததே 1968 ஏப்ரலில். அவர்கள் பிரிந்தது அதற்கும் முன்னால், 1967 டிசம்பரில். சிங்கிள்கள் விற்கவில்லை, கச்சேரிக்குக் காசு குறைந்துவிட்டது, போதும் என்று விட்டார்கள். பாடின காலின் பிளன்ஸ்டோன் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தாவாகப் போய் உட்கார்ந்தார். யாரும் அதைக் குற்றம் சொல்ல முடியாது. மாசம் முடிந்தால் வாடகை கொடுக்க வேண்டுமே. நானும் குற்றம் சொல்லவில்லை. அமெரிக்காவில் அல் கூப்பர் என்று ஒருத்தர் விடாப்பிடியாகச் சொல்லித்தான் கம்பெனி அங்கே ரெக்கார்டையே வெளியிட்டது. பாட்டு ஏறினபோது குழுவே இல்லை. போலிக் குழுக்கள் அந்தப் பெயரில் ஊர் சுற்றின. திரும்பச் சேருங்கள் என்று கேட்டதற்கு அவர்கள் வரவில்லை. ஆனால் ஆர்ஜென்ட் கீபோர்டை விடவில்லை. அடுத்த குழுவை ஏற்கெனவே ஆரம்பித்திருந்தார்.

அட்டையில் ‘ஒடிஸி’ எழுத்துப்பிழையோடு இருக்கும். வரைந்த டெர்ரி குவர்க் தப்பாக எழுதிவிட்டார், கவனிப்பதற்குள் மாற்ற நேரமில்லை. வேண்டுமென்றேதான் அப்படி எழுதினோம் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒன்றை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கண்ணா, போன வருஷம் நீ நாலு பாட்டு அனுப்பினாயே. நான் ‘கேட்டேன், நல்லா இருக்கு’ என்று எழுதினேன். கேட்கவில்லை. போன் ஸ்பீக்கரில், குக்கர் விசிலுக்கு நடுவில், முதல் பாட்டு ஒரு நிமிடம். போன் ஸ்பீக்கரில் பேஸ் என்று ஒன்று வரவே வராது. அது உன் பாட்டில் பாதி. ஊரார் ரெக்கார்டுக்கெல்லாம் ஊசி பாரம் பார்க்கிறவள், முப்பது வருஷம் ரேடியோ நிலையத்தில் அதற்கே சம்பளம் வாங்கினவள், உன்னுடையதை அப்படிக் கேட்டேன். அதற்குப் பிறகு நீயும் ஒன்றும் அனுப்பவில்லை. ‘நல்லா இருக்கு’ என்ற இரண்டு வார்த்தையிலேயே உனக்குத் தெரிந்திருக்கும். எந்தப் பாட்டு, எந்த இடம் என்று சொல்லாமல் நான் எதையாவது நல்லா இருக்கு என்று சொல்லியிருக்கிறேனா?

பழைய போனோடு அந்த ஃபைல்கள் போய்விட்டன. மறுபடி அனுப்பு. எம்பி3 வேண்டாம், வேவ் ஃபைலாகவே அனுப்பு, பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை. ஹெட்போன் வாங்கி வைத்திருக்கிறேன். மிக்ஸ் செய்யும் முன்னாலிருந்த தனித்தனி டிராக் இருந்தால் அதுவும். கீபோர்டு டிராக் முக்கியமாக.

நீ இருக்கிற இடத்திலிருந்து செயின்ட் ஆல்பன்ஸ் தூரமில்லை, செயின்ட் பான்க்ராஸில் ஏறினால் இருபது நிமிடம் போல. ஸோம்பீஸ் குழுவை ஆரம்பித்த பையன்கள் பள்ளிக்கூட நாளில் முதலில் சந்தித்த பிளாக்ஸ்மித்ஸ் ஆர்ம்ஸ் மதுக்கடை அங்கேதான். உள்ளே போகவேண்டாம், வெளியே நின்று பார். ஞாயிற்றுக்கிழமை வேறு என்ன செய்கிறாய்?

தண்ணீர்த் தொட்டி வேலை முடிந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சாப்பிடு.

அம்மா

பி.கு: மாட்டியதும் ‘ஹூம்’ என்று இரைந்தால் பிளேயருக்குப் பின்னால் தொங்குகிற மெல்லிய தனி வயரை ஆம்ப்ளிஃபயரின் எர்த் ஸ்குரூவில் முடுக்கு. ராஜியிடம் முறுக்கும் கொடுத்திருக்கிறேன், முறுக்குச் சாப்பிட்ட கையால் ரெக்கார்டைத் தொடாதே.