ஹட்செப்சுட் பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி மட்டும் இன்னும் ஏறுவதில்லை.

அப்புறம், பழைய எகிப்தை ஆண்ட ஹட்செப்சுட் ஆண் வேஷம் போட்டு ஊரை ஏமாற்றிய ராணி என்று எழுதியிருந்தாயே, அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் அவள் உட்கார்ந்திருக்கும் சுண்ணாம்புக்கல் சிலை ஒன்று இருக்கிறது, அதன் படத்தை நிதானமாகப் பார். தலையில் பாரோக்கள், அதாவது எகிப்திய அரசர்கள், கட்டும் கோடு போட்ட துணி, இடுப்பில் அவர்களுடைய குட்டையான மடிப்பு ஆடை, ஆனால் ஒடிசலான தோளும் மார்பும் முகமும் பெண்ணுடையவை, இருக்கையில் வெட்டிய பட்டங்கள்கூடப் பெண்பாலில்தான் இருக்கின்றன. இதில் யாரை ஏமாற்றுவது? அரச பதவிக்கென்றே அங்கே ஓர் உருவம் இருந்தது, பதவிக்கு வந்தவள் அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள், பிறகு தாடியும் அகன்ற மார்புமாக வடித்த சிலைகளையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். அவளுக்குச் சுமார் 300 ஆண்டுகள் முன்பே ஆண்ட சோபெக்நெஃப்ரு என்ற பெண் பாரோவின் தலையில்லாத சிலை பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதில் பெண் உடைக்கு மேலேயே அரச ஆடையைக் கட்டியிருக்கிறாள்.

ஹட்செப்சுட்டுக்குப் பின்னால் வந்த எகிப்திய ராணி நெஃபர்டிட்டி என்றால் எல்லோருக்கும் பெர்லினில் இருக்கும் அந்த அழகான தலைதான் ஞாபகம் வரும். எனக்கு அதைவிடப் பாஸ்டனில் இருக்கும் ஒரு புடைப்புச் சிற்பக் கல்தான் முக்கியம். படகில் நின்று, எதிரியின் முடியைப் பிடித்து ஆயுதத்தை ஓங்குகிறாள். எகிப்தின் ஆதி அரசன் நார்மர் காலத்திலிருந்து, அதாவது அவளுக்கு 1700 ஆண்டுகளுக்கும் முன்பிருந்து, அது அரசன் நிற்கும் நிலை. அடிபடுகிறவளும் ஒரு பெண் என்பதுதான் ஒரே வித்தியாசம்.

சரி, ஹட்செப்சுட்டின் உருவங்களை ஏன் அழித்தார்கள்? அவளுக்குப் பின் தனியாக ஆண்ட அவள் கணவனின் மகன் மூன்றாம் துட்மோஸ் பழிவாங்கினான் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள், ஆனால் அந்த வேலை தொடங்கியதே அவள் இறந்து சுமார் 20 ஆண்டுகள் கழித்துத்தான், ஆத்திரம் அத்தனை காலம் காத்திருக்குமா? இன்னொன்று, அவள் அரசனின் மனைவியாக மட்டும் நிற்கும் உருவங்களைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டு, அரசனாக நிற்பவற்றைத்தான் தேடிச் செதுக்கி எடுத்திருக்கிறார்கள். கர்னக் கோயிலில் கிட்டத்தட்ட 30 மீட்டர் உயரத்துக்கு அவள் நிறுத்திய ஒற்றைக்கல் தூணின் அடிப்பாகத்தைச் சுவர் எழுப்பி மறைத்தார்கள். ஒரு பெண் வெற்றிகரமாக ஆண்ட முன்மாதிரி அடுத்த வாரிசுகளுக்கு இடைஞ்சல் என்று பயந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். டெய்ர் அல் பஹாரியில் அவள் கட்டிய கோயில் சுவரில் உளியால் கொத்திய இடங்களில் அவள் உருவத்தின் வெளிக்கோடு இன்னும் தெரிகிறது, படத்தில் பார்க்கவே மனது என்னவோ செய்கிறது.

உட்கார்ந்த சிலையைச் சின்னவளை வரையச் சொல்லேன், வரைந்தால் எனக்கு ஒரு நகல் அனுப்பு. டிசம்பரில் வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது, பக்கத்து அறையை ஒழித்து வைக்கிறேன்.

அன்புடன்,
வசந்தா