மருந்துக் கணக்கும் சின்னவளின் பயமும்

அன்பின் சிநேகிதிக்கு,

இங்கு எல்லாரும் சுகம். மழை விட்டபாடில்லை. கிணறு வாய்மட்டத்துக்கு வந்துவிட்டது, வேலியோர முருங்கை ஒன்று சரிந்துபோனது. வேறு நட்டமில்லை.

சின்னவளுக்குத் தாதியர் கல்லூரி கிடைத்தது பெரிய சந்தோசம். மருந்தியல் தொடங்க மூன்று கிழமை இருக்கும்போதே பிள்ளை சாப்பாட்டைத் தள்ளிவைக்கிறாள், இரவில் எழும்பி இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து "பயப்படாதே" என்று சொல்லாதே. பயந்த பிள்ளைக்கு அது இன்னொரு தோல்வி மாதிரித்தான் கேட்கும். எதற்குப் பயம் என்று கேட்டுத் தாளில் எழுதச் சொல். முதலில் "எல்லாத்துக்கும்" என்பாள். எழுத எழுத மூன்றுதான் மிஞ்சும்: ஆங்கிலத்தில் படிப்பது, மருந்துப் பெயர்கள், கணக்கு.

மூன்றிலும் ஆளை உலுப்புவது கணக்குத்தான். ஆனால் அது தரம் எட்டுக் கணக்கு. பெருக்கவும் பிரிக்கவும் தெரிந்தால் போதும். வைத்தியர் ஜென்டாமைசின் 60 மில்லிகிராம் எழுதுகிறார், கையிலுள்ள குப்பியில் 2 மில்லிலீற்றருக்குள் 80 மில்லிகிராம் இருக்கிறது. வேண்டியதை இருப்பதால் பிரித்து, குப்பியின் கனவளவால் பெருக்கு: 60 ÷ 80 × 2 = 1.5 மில்லிலீற்றர். பதற்றத்தில் பிள்ளைகள் தலைகீழாகப் போட்டு 80 ÷ 60 × 2 என்று 2.67 எடுப்பார்கள். அதனால் பேனையைத் தொடமுன் ஒரு கேள்வி: விடை குப்பியை விடக் குறையவா, கூடவா வரவேண்டும்? கேட்டது 60, இருப்பது 80. ஆகவே 2 மில்லிலீற்றருக்குக் குறையத்தான் வரும். 2.67 வந்தால் பிழை என்று அவளுக்கே தெரியும். இப்படி மட்டுக்கட்டிப் பார்க்கப் பழகினால் "சரியோ பிழையோ" என்ற நடுக்கத்தில் பாதி போய்விடும்.

சேலைன் கணக்கும் அப்படித்தான். 500 மில்லிலீற்றரை நான்கு மணித்தியாலத்தில் ஏற்றவேண்டும், குழாய் ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி விடுவது என்றால் மொத்தம் 10,000 துளி. அதை 240 நிமிடத்தால் பிரித்தால் 41.67, அதாவது நிமிடத்துக்கு 42 துளி. மணித்தியாலத்தை நிமிடமாக மாற்ற மறந்தால் 2,500 வரும். நிமிடத்துக்கு 2,500 துளி என்றால் அது துளியில்லை, பைப்பைத் திறந்துவிட்ட மாதிரி! சின்னப் பிள்ளைகளுக்குப் போடும் குழாய் மில்லிலீற்றருக்கு 60 துளி விடும். அதில் மணித்தியாலத்துக்கு எத்தனை மில்லிலீற்றரோ, நிமிடத்துக்கும் அத்தனை துளி, கணக்கே தேவையில்லை. குழாயின் உறையில் இந்த எண் அச்சடித்திருக்கும். அதைப் பார்க்காமல் தொடங்குவதுதான் வழக்கமான பிழை.

அடுத்தது அலகு. ஒரு மில்லிகிராம் 1,000 மைக்ரோகிராம். டிகொக்சின் 0.25 மில்லிகிராம் குளிசை என்பது 250 மைக்ரோகிராம். வைத்தியர் 125 மைக்ரோகிராம் எழுதியிருந்தால் அரைக் குளிசை. புள்ளியிலும் கவனம் வேண்டும். பூச்சியம் போடாமல் .5 என்று எழுதினால் ஐந்து என்று வாசிக்கலாம், 5.0 என்று எழுதினால் ஐம்பது என்று வாசிக்கலாம். முன்னுக்குப் பூச்சியம் போடு, பின்னுக்குப் போடாதே.

பெயர்களை அகரவரிசையில் பாடமாக்க விடாதே, விசர்தான் பிடிக்கும். வால் பார்த்துக் கூட்டமாகப் பிரிக்கட்டும். அற்றெனோலோல், புரொப்பிரனோலோல் என்று "ஓலோல்" இல் முடிவன நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் குறைப்பவை. கொடுக்கமுன் நாடி பார்க்கவேண்டும், ஆஸ்துமாக்காரருக்கு ஆபத்து. எனாலப்பிரில், கப்டோப்பிரில் போன்ற "பிரில்" கூட்டமும் அழுத்தத்துக்குத்தான். ஆனால் வரட்டு இருமல் தரும், இரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டும். ஒரு மட்டையில் ஒரு கூட்டமாக எழுதிவைக்கட்டும்: எதற்கு, கொடுக்கமுன் எதைப் பார்ப்பது, கொடுத்தபின் எதைக் கவனிப்பது. முதலில் தமிழில் விளங்கிக்கொள்ளட்டும், பிறகு ஆங்கிலச் சொல்லை அதன்மேல் ஒட்டட்டும். விளங்காததை ஆங்கிலத்தில் பாடமாக்கினால் பரீட்சை மண்டபத்தில் முதலில் பறப்பது அதுதான். ஒரு நாளைக்கு ஐந்து மட்டை போதும். வாசித்துக்கொண்டே இருப்பதல்ல, மூடிவைத்துவிட்டுச் சொல்லிப் பார்ப்பதுதான் படிப்பு. அதே மட்டையை மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் திரும்ப எடுக்கவேண்டும்.

இனி உடம்பு. நெஞ்சு படபடப்பு, உள்ளங்கை வியர்வை எல்லாம் அட்ரினலின் வேலை. "ஆழமாக மூச்செடு" என்று எல்லாரும் சொல்வார்கள். பிள்ளை வேகவேகமாக இழுத்துவிட்டால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து உதடும் விரலும் விறைக்கும், தலை சுற்றும். அதைக் கண்டு பயம் இன்னும் ஏறும். மூக்கால் மெதுவாக நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடச் சொல். விடுவது நீளமாக இருக்கவேண்டும், அதுதான் முக்கியம். நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடம். நித்திரைக்கு முன் தினம் பழகினால்தான் பரீட்சையன்று கைகொடுக்கும், அன்றைக்கே தொடங்கிப் பயனில்லை.

பரீட்சைக்குச் சற்று முன்னர் பத்து நிமிடம் மனதிலுள்ள பயத்தையெல்லாம் தாளில் கொட்டி எழுதலாம். அப்படி எழுதிய, பரீட்சைப் பயம் கூடிய மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள் என்று சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011 இல் காட்டினார்கள். கவலை இடம் பிடித்தால் கணக்குக்கு மனதில் இடமிருக்காது என்பது அவர்கள் விளக்கம்.

இரவு ஒன்பது மணிக்குப் பிளேன்ரீ ஊற்றிக்கொடுக்கிற பழக்கத்தையும் விட்டுவிடு. அதிலுள்ள கஃபீனில் பாதியளவு இரண்டு மணிக்கும் இரத்தத்தில் நிற்கும். நல்லூரானுக்கு நேர்த்தி வைத்தாய் என்றாய், வை. ஆனால் யாராவது "நடுக்கத்துக்கு நல்லது" என்று ஒரு குளிசை நீட்டினால் வாங்காதே. அது பெரும்பாலும் அந்த ஓலோல் கூட்டத்தில் ஒன்றுதான், உன் பிள்ளைக்குச் சின்னனில் ஆஸ்துமா இழுப்பு இருந்தது. இரண்டு கிழமைக்கு மேலும் நித்திரையும் சாப்பாடும் சரிவராவிட்டால் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போ. வெட்கப்பட ஒன்றுமில்லை. இரவில் அவசரம் என்றால் 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி இலக்கத்தில் கதைக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளன 750 ஆம் இலக்கப் பஸ்ஸில் அவளை அனுப்பிவிடு. ஒரு கொப்பி, பேனை, செக்கன் முள்ளுள்ள மணிக்கூடு கொண்டுவரட்டும். துளி எண்ணிப் பழக அது வேண்டும். கல்குலேற்றர் வீட்டிலேயே இருக்கட்டும். மத்தியானம் சாப்பாடு இங்கேதான், கட்டிக்கொடுத்து விடாதே.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழி