‘ஆபரேஷன் முடியாது’ என்று சொல்லும் டாக்டர்களுக்கு

நுரையீரல் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்களுக்கு வணக்கம்.

அப்பாவின் ஸ்கேனைப் பார்த்துவிட்டு "இதை ஆபரேஷன் பண்ண முடியாது" என்றார் எங்கள் டாக்டர். அதற்கப்புறம் அவர் பேசிய எதுவும் எங்கள் காதில் ஏறவில்லை, கையை விரித்துவிட்டார் என்றே நினைத்துக்கொண்டு வெளியே வந்தோம். நோய் நெஞ்சின் நடுவிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கும் பரவியிருப்பதால் கத்தி வைத்து முழுசாக எடுக்க முடியாது, ஆனால் கீமோவும் ரேடியேஷனும் சேர்த்துக் கொடுத்து முழுசாக அழிக்கப் பார்க்கலாம் என்பது எனக்குப் புரியவே ஒரு வாரம் ஆனது. என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்களேன்.

ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றைக் கொடுத்தால் என்ன என்று கேட்டோம். "சேர்த்துக் கொடுத்தால்தான் பலன் அதிகம்" என்றார். உண்மைதான். கதிர் பட்டு அடிவாங்கிய புற்றுச்செல் தன்னைச் சரிசெய்துகொள்ள கீமோ விடுவதில்லை. 2010-இல் பல ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசியபோது, ஐந்து ஆண்டு தாண்டியவர்கள் அடுத்தடுத்துக் கொடுத்ததில் 10.6 சதவீதம், சேர்த்துக் கொடுத்ததில் 15.1. (உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுக்கு எதிராகத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி வருவதற்கு முந்தைய கணக்கு, இப்போது நிலைமை இதைவிடத் தேவலை.) ஆனால் அதே அலசலில் உணவுக்குழாய் கடுமையாகப் புண்ணாவது 4 சதவீதத்திலிருந்து 18 ஆகியிருக்கிறது. அதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

ரேடியேஷன் மொத்தம் 60 கிரே (கதிரை அளக்கும் அலகு), திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரம். நான்காவது வாரம் அப்பா எச்சில் விழுங்குவதற்கே கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, மனசைத் தயார் செய்துகொள்வார். தண்ணீரைக் கண்டாலே பயம். ரெண்டு நாள் கரண்ட் (ரேடியேஷனைத்தான் அப்படிச் சொல்வார்) வைக்க வேண்டாம் என்று கெஞ்சினார், நானும் சரி என்றுதான் இருந்தேன், இடைவெளி விட்டால் கட்டி மறுபடி தலைதூக்கும் என்று யார் சொன்னார்கள் எனக்கு? விழுங்குவதற்கு முன்னால் தொண்டையை மரத்துப்போக வைக்கும் மருந்து ஒன்று இருப்பதே, அவர் முகத்தைப் பார்த்த ஒரு நர்ஸ் கேட்டதால்தான் தெரிந்தது.

எல்லாம் முடிந்து ரெண்டு மாதம் கழித்து வறட்டு இருமல், மூச்சுவாங்கல். சளி என்று நினைத்து ஐந்து நாள் வீட்டிலேயே இருந்துவிட்டோம். கதிரால் நுரையீரலில் வரும் அழற்சியாம், சிகிச்சை முடிந்து மாதங்கள் கழித்தும் வருமாம், ஸ்டீராய்டு கொடுத்ததும் அடங்கியது. அப்பா இப்போது நடக்கிறார், சண்டை போடுகிறார்.

உங்களுக்கு நேரமில்லை என்று தெரியும். கடைசி நாளன்று கொடுக்கும் மருந்துச் சீட்டின் பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது? "இருமல், மூச்சுத்திணறல், காய்ச்சல் வந்தால் உடனே வாருங்கள்" என்று அதில் எழுதிக் கொடுத்தால்கூடப் போதும்.